எதிர்த்தரப்பு நாற்காலி

ஆர்விட் டாலெசனைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவது என்று நியூ கால்மார் ஊர் முடிவு செய்ததற்கு, அவருடைய கோட்டு இன்னும் அவருக்குப் பொருந்தியதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அடக்க ஆராதனைகளில் பாடுகிறவர் என்பதால் அடிக்கடி அதை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே உடம்பைக் கோட்டுக்குள் அடங்குகிற மாதிரி வைத்திருந்தார். ஊரின் மற்ற ஆண்களுக்கு இருந்ததெல்லாம் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. பொத்தான் போட்டால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் பொத்தான் மிஞ்சாது.

விஷயம் இதுதான். ஊரில் இருந்த ஒரே மளிகைக் கடையை சிகாகோவிலிருந்து ஒரு முதலீட்டுக் கம்பெனி வந்து வாங்கியது. வாங்கிய கையோடு மூடியது. போகட்டும், இன்னொருத்தர் நடத்துவார் என்று ஊர் நினைத்தது. கம்பெனியும் கட்டடத்தை வாடகைக்கு விடத் தயாராகத்தான் இருந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: அங்கே மனுஷன் சாப்பிடுகிற எதையும் விற்கக் கூடாது. நாற்பது மைல் தள்ளி அதே கம்பெனிக்கு ஒரு பெரிய கடை இருந்ததுதான் காரணம். வேறு இடத்தில் கடை போடலாமென்றால், நெப்ராஸ்காவில் அந்த வட்டாரத்தில் குளிர் அறை வைத்த கட்டடம் வேறு இல்லை. முதலில் மெழுகுவத்திக் கடை ஒன்று வந்தது. ஊரில் அவ்வளவு இருட்டு இல்லாததால் போய்விட்டது. பிறகு பூட்டுதான்.

கடைக்கு நேர் எதிர் வீட்டில் ஐனர் பிளம் இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். சக்கரம் வைத்த ஊன்றுசட்டத்தைத் தள்ளிக்கொண்டு தினமும் தெருவைக் கடந்து பாலும் முட்டையும் வாங்கி வருவார். கடை மூடிய பிறகு பெட்ரோல் நிலையத்து இயந்திரத்தில் விழுகிற பிஸ்கோத்தும் வேர்க்கடலை மிட்டாயும்தான். ஒமாஹாவில் இருந்த மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: பனி விழுகிறதுக்குள் கடை திறக்கவில்லையென்றால் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று.

இதற்குள் ஊரின் கதை எப்படியோ மாடாக்ஸ் காதுக்கு எட்டியது. கிரிஃபின் மாடாக்ஸ், 'மாடாக்ஸ் மன்றம்' என்ற நிகழ்ச்சியை நடத்துகிறவர். பேராசையை எல்லோரும் திட்டுகிறார்கள், அதற்காக வாதாட ஒரு வக்கீல் வேண்டாமா என்று தாமாகவே முன்வந்தவர். அவர் கேமராவைப் பார்த்து, "நியூ கால்மார் மக்களே, கடை உங்களை விட்டுப் போகலை. லாபம் தராம நீங்கதான் கடையை விட்டுப் போயிட்டீங்க. இல்லைன்னு சொல்றவங்க யாராவது இருந்தா வாங்க, என் எதிர்ல உக்காந்து சொல்லுங்க" என்றார்.

போவதா வேண்டாமா என்று ஆலயத்தின் அடித்தளக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.

நியூ கால்மாரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் கையால் காப்பி வாங்கிக் குடித்தால், அந்தக் கோப்பையைக் கழுவி வைக்கிறவரைக்கும் அவரை மறுத்துப் பேசுவதில்லை. யார் எப்போது ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. ஸ்வீடனிலிருந்து கப்பல் ஏறும்போதே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதனால் ஆலயக் கூட்டங்களில் முதலில் சண்டை, அப்புறம்தான் காப்பி. அண்டா கொதித்துக்கொண்டிருக்கும், ஒருவரும் கிட்டே போக மாட்டார்கள்.

ஆர்விட்டின் மனைவி வெர்னாதான் முதலில் எழுந்தாள்.

"போகக் கூடாது. அந்தாளுக்கு எதிர்ல உக்கார ஒரு தலை வேணும். தலை இல்லேன்னா சுவத்தைப் பாத்தா பேசுவான்? நாம ஏன் போய் அவன் கடைக்குச் சரக்காகணும்?"

"போகலேன்னா அவன் சொன்னதுதான் ஊர் பூரா நிக்கும், வெர்னா" என்றார் பாஸ்டர்.

"நின்னுட்டுப் போகட்டும். கால் வலிச்சா உக்காரும்."

ஐனர் பின்வரிசையிலிருந்து, "நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள நான் ஒமாஹா முதியோர் இல்லத்துல ஜெல்லி சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன். யாரையாவது அனுப்பித் தொலைங்கப்பா" என்றார்.

கை தூக்கினார்கள். போவது என்று முடிவாயிற்று. கோட்டு விஷயம் அதன் பிறகுதான் வந்தது.

மறுநாள் தொலைக்காட்சியிலிருந்து மாலரி என்ற பெண் போனில் அழைத்தாள். சொந்த அத்தை மகள் மாதிரிப் பேசினாள். வெர்னாவின் முழங்கால் ஆபரேஷன் பற்றிக் கூட விசாரித்தாள்.

"ஆர்விட், நீங்க என்னென்ன பேசப் போறீங்கன்னு சும்மா சொல்லுங்க. உங்களுக்கு உதவறதுக்குத்தான்."

ஆர்விட் எல்லாவற்றையும் சொன்னார். நிபந்தனை, நாற்பது மைல், ஐனர், குளிர் அறை, ஒன்று விடவில்லை.

"அருமை. இதுல எந்த இடத்துல கேட்டா உங்களுக்குக் கொஞ்சம் தடுமாறும்?"

கேட்கிறவள் நல்ல பெண்ணாக இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமலிருப்பது மரியாதையில்லை. பொருளாதாரம் என்று வந்தால் தமக்கு ஒன்றும் தெரியாது, ஆள் இருமிக்கொண்டே கேட்டால் சொல்ல வந்தது மறந்துபோகும், யாராவது அன்பாகப் பேசினால் வாய் அடைத்துவிடும் என்று வரிசையாக ஒப்பித்தார். அவள் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"போனை வெக்கறப்போ என்ன சொன்னா?" என்றாள் வெர்னா.

"ரொம்ப நேர்மையான ஆளு நீங்கன்னா."

"வியாபாரி வாயில நேர்மைன்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா ஆர்விட்? சல்லிசுன்னு அர்த்தம்."

நியூயார்க்கில் இருந்த தொலைக்காட்சி நிலையத்தில் அவருடைய கோட்டைத்தான் முதலில் கழற்றினார்கள். "வங்கி மேனேஜர் மாதிரி இருக்கீங்க. எளிய மனிதர்களின் குரலா இருக்க வேண்டாமா?" என்று மாலரி ஒரு கட்டம் போட்ட சட்டையும், அவர் ஒருநாளும் வாங்காத ஒரு விதைக் கம்பெனியின் தொப்பியும் கொடுத்தாள். ஊர் எந்த ஒரு தகுதிக்காக அவரை அனுப்பியதோ அந்தத் தகுதி ஆணியில் தொங்கியது. அவர் முகத்தில் மாவு பூசிவிட்ட பெண், வெயிலில் உழைத்த மாதிரி தெரிவதற்காகக் கொஞ்சம் சிவப்பும் சேர்த்தாள். ஆர்விட் முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவர்.

பிறகு மாடாக்ஸே உள்ளே வந்தார், கையில் காப்பியோடு.

"நெடுந்தூரம் வந்திருக்கீங்க. நானே போட்டேன். பால் கொஞ்சம் தூக்கலா விடச் சொன்னாங்க, உங்களுக்கு அப்படித்தானே பிடிக்கும்?"

நேரில் அவர் தங்கமான மனுஷர். முழங்கால் ஆபரேஷன் எப்படி நடந்தது என்று அவரும் கேட்டார். காப்பி மணத்தது. வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமலிருந்தால் அவர் முகம் வாடும் என்று ஆர்விட்டுக்குத் தோன்றியது. குடித்தார். கோப்பை மேஜை மேலேயே இருந்தது. அதைக் கழுவ ஒருவரும் வரவில்லை.

விளக்குகள் எரிந்தன. மாடாக்ஸ் இரண்டு தடவை இருமினார்.

"ஆர்விட், பேராசைங்கிற சொல்லே தப்பு. எதிர்காலத்து மேல இருக்கிற அன்புக்கு நாம வெச்ச கெட்ட பேரு அது. இன்னிக்கே போதும்னு நினைக்கிறவன் நாளைக்குன்னு ஒண்ணு இருக்கறதையே மதிக்கலை. நான் ஏழைங்களை ரொம்ப மதிக்கிறேன். அவங்க கையில பணம் குடுத்து அந்த மரியாதையைக் கெடுக்க எனக்கு மனசு வராது. கம்பெனி லாபம் பாக்கட்டும், அந்த லாபத்தைப் பாத்து நீங்க சந்தோஷப்படக் கத்துக்கணும். இதுல நியாயம் இல்லேன்னு சொல்வீங்களா?"

இல்லை என்ற சொல் ஆர்விட்டின் தொண்டைவரை வந்தது. அங்கே காப்பி இருந்தது.

"ஒரு பக்கம் பாத்தா... நீங்க சொல்றதுலயும் ஏதோ நியாயம் இருக்கலாம்" என்றார்.

திரையின் கீழே எழுத்து ஓடியது: ஊர்க்காரர் ஒப்புக்கொண்டார்.

விளம்பர இடைவேளையில் அந்த சிகாகோ கம்பெனியின் விளம்பரம் வந்தது. ஒரு குழந்தை பால் குடித்தது. கிளம்பும்போது மாடாக்ஸின் முகம் அச்சிட்ட கோப்பை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். வெர்னா அதில் தக்காளி நாற்று வைத்தாள்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் செய்த தப்பைச் சரிபண்ண வேண்டும் என்று ஆர்விட்டுக்கு உறுத்தியது. மாலரி மறுபடி அழைத்தபோது, இந்தத் தடவை சொல்லியே தீருவது என்று போனார். மாடாக்ஸ் காப்பியோடு காத்திருந்தார். அதற்கடுத்த வாரமும் போனார். ஜன்னல் விளிம்பில் தக்காளி நாற்றுகள் வரிசையாக நின்றன. தப்பைத் திருத்தப் போகிறவன் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுத் தப்போடு திரும்பி வருகிற வேடிக்கை ஊருக்குப் பழகிவிட்டது. ஒருவரும் திட்டவில்லை. நியூ கால்மாரில் திட்ட மாட்டார்கள்; ஆலயத்தில் பக்கத்து இருக்கையில் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

இதற்கிடையில் தொலைக்காட்சியில் அவருக்காக ஒரு துறையே ஏற்பட்டுவிட்டது. சமநிலைத் துறை. அதன் துணைத் தலைவர் லேத்ராப் என்பவர் ஆர்விட்டை அறைக்கு அழைத்துக் கைகுலுக்கினார்.

"எதிர்க்கருத்து இல்லாம இந்தத் தொலைக்காட்சி ஒரு நாள்கூட நிகழ்ச்சி நடத்தினதில்லை. எதிர்க்கருத்துக்கு விமான டிக்கெட், எதிர்க்கருத்துக்கு ஓட்டல் ரூம், எதிர்க்கருத்துக்குச் சட்டை, எவ்வளவு செலவு பண்றோம் தெரியுமா? அது ஜெயிச்சுடாம பாத்துக்கறதுக்கு இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். இதைவிட நடுநிலையா எந்த நாட்டுல இருக்காங்க, சொல்லுங்க பாக்கலாம்."

அந்த அறையிலும் காப்பி கொடுத்தார்கள்.

கடைசியில் ஆர்விட் போவதை நிறுத்த வைத்தவர் ஐனர்தான். பெட்ரோல் நிலையத்து இயந்திரத்தின் முன்னால் நின்று மிட்டாய் விழுவதற்காக அதைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆர்விட்டைப் பார்த்ததும், "நேத்து நீ பேசினதைக் கேட்டேன்பா" என்றார். "எனக்கே அவன் சொல்றதுதான் சரின்னு பட்டுது. நான் இத்தனை நாளா கம்பெனிக்குப் பாரமா இருந்துட்டேன் போல." கேலியாகச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று ஆர்விட்டுக்குத் தெரியவில்லை. கேலியாக இருக்க வேண்டும் என்று வீடு வரைக்கும் வேண்டிக்கொண்டே நடந்தார்.

மாலரிக்குப் போன் போட்டு, இனி வரமாட்டேன் என்றார்.

"புரியுது ஆர்விட். உங்க முடிவை மதிக்கிறோம். ஆனா சமநிலை விதிப்படி எதிர்த்தரப்பு இல்லாம நிகழ்ச்சி போட முடியாது. உங்க நாற்காலி இருக்கும்."

அந்த வாரம் நாற்காலி மட்டும்தான் இருந்தது. முதுகில் கட்டம் போட்ட சட்டையை மாட்டி, உச்சியில் தொப்பியைக் கவிழ்த்திருந்தார்கள். முன்னால் மேஜையில் ஒரு கோப்பைக் காப்பி. மாடாக்ஸ் சிரித்துக்கொண்டே, "எதிர்த்தரப்புக்கு இன்னிக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை போல" என்று ஆரம்பித்தார்.

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. காப்பியையும் தொடவில்லை.

பேராசை என்பது எதிர்காலத்தின் மேல் அன்பு என்றார். நாற்காலி ஒப்புக்கொள்ளவில்லை. இதில் நியாயம் இல்லையா என்றார். நாற்காலி அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் தம் கேள்விக்குப் பிறகு இவ்வளவு நீளமான மௌனத்தை மாடாக்ஸ் கேட்டதில்லை. இருமிப் பார்த்தார். நாற்காலி எதையும் மறக்கவில்லை. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு தாமே அதன் சார்பில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"சரி, அந்த நிபந்தனை எதுக்குன்னுதானே கேக்கறீங்க? என்னைப் பாத்து அப்படிக் கேக்கறீங்க, இல்லையா? சொல்றேன். வேற எவனும் அங்க கடை போட்டுடக் கூடாதுன்னுதான். போட்டின்னு ஒண்ணு வந்தா விலை இறங்கும். விலை இறங்கினா லாபம் என்னாகிறது? இதுகூடத் தெரியாதா?"

போட்டிதான் கடவுள் என்று அதுவரைக்கும் பிரசங்கம் செய்தவர் அவர். பார்வையாளர் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பிறகு நிறையச் சிரிப்பு.

அன்றைய வாக்கெடுப்பில் நாற்காலி ஜெயித்தது. மறுவாரமும் ஜெயித்தது. நிதானமான பேச்சாளர் என்று ஒரு பத்திரிகை அதைப் பாராட்டியது. டெக்சாஸில் ஒரு கல்லூரி பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்தது. கம்பெனியின் பங்கு விலை இறங்கத் தொடங்கியதாகவும் சொன்னார்கள். நியூ கால்மார் சந்தோஷப்பட்டது. ஆனால் ஆர்விட்டைத் தெருவில் பார்த்தபோது அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டது. தாம் போகாத இடத்தில் தம் சட்டை தம்மைவிட நன்றாகப் பேசுகிறது என்பதை ஒரு மனுஷன் எப்படித்தான் தாங்குவான்?

"நான் சொன்னேன்ல" என்று வெர்னா ஒரே ஒரு தடவை சொன்னாள். அதையும் தட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

முதல் உறைபனி விழுந்த வாரம் லேத்ராப் நேரிலேயே வந்து சேர்ந்தார். வாடகைக் காரை ஆர்விட்டின் பக்கத்து வீடான ஐனர் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். ஐனரின் வாசலில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன; மகள் வந்து பாத்திரங்களைப் பொதிந்துகொண்டிருந்தாள்.

ஆர்விட் தம் சமையலறையில் அவருக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். லேத்ராப் ருசித்துக் குடித்தார்.

"கம்பெனிக்காரங்ககிட்டப் பேசிட்டேன். நிபந்தனையை எடுத்துடறாங்க. பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு தம்பதி கடை நடத்தத் தயாரா இருக்காங்க. அடுத்த வாரமே திறக்கலாம். நீங்க ஒரே ஒரு தடவை வந்து உக்காந்தாப் போதும்."

"என்ன பேசணும்?"

"எப்பவும் போலத்தான். உங்ககிட்ட அதுதான் எங்களுக்குப் பிடிச்சதே."

"நிபந்தனை ஒரேயடியாப் போயிடுமா?"

"இப்போதைக்கு ஒரு வருஷம். அப்புறம் வருஷா வருஷம் நீட்டிச்சுக்கலாம். உறவு நல்லா இருந்தா ஏன் நீட்டிக்க மாட்டாங்க?"

"எங்க வீட்டுக் காப்பியைக் குடிச்சுட்டு இப்படிப் பேசறீங்களே" என்றார் ஆர்விட். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

லேத்ராப் கோப்பையைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல காப்பிதான். அதுக்கென்ன?"

தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஆர்விட்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது, இந்த வழக்கம் ஒரு பக்கத்து ஆட்களை மட்டும்தான் கட்டுமோ என்று. ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஐனரின் மகள் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். வெர்னா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

ஆர்விட் போனார். இந்தத் தடவை காப்பியைத் தொடவில்லை. தொட்டிருந்தாலாவது சாக்கு இருந்திருக்கும். மாடாக்ஸ் இளைத்திருந்தார். ஆர்விட்டைப் பார்த்ததும் பிரிந்துபோன அண்ணன் திரும்பி வந்த மாதிரி கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே கலங்கியிருந்தது.

"கம்பெனி தானா முன்வந்து கடையைத் திறக்க விட்டிருக்கு. யாரும் கட்டாயப்படுத்தலை. இதுக்கு என்ன பேரு ஆர்விட்?"

"பெருந்தன்மை" என்றார் ஆர்விட், வெறும் தொண்டையோடு. "நாங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்."

கடை திறந்தது. ஐனரின் கடிகாரம் மறுபடி சுவருக்கு ஏறியது. முதல் நாள் காலையில் ஊன்றுசட்டத்தைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து ஒரு டஜன் முட்டையும் பாலும் வாங்கிக்கொண்டு, "நீ பேசினதாலதான்பா கடை வந்துது. உன் வாய்க்கு என்னமோ சக்தி இருக்கு" என்றார். இந்தத் தடவை கேலி இல்லை. கேலியாக இருந்திருக்கக் கூடாதா என்று ஆர்விட்டுக்கு ஏக்கமாக இருந்தது. ஆலயத்தில் அவருக்காக விருந்து வைத்தார்கள். எல்லாரும் கிட்டே நெருங்கி உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பு தள்ளி உட்கார்ந்தபோது கொஞ்சம் காற்று வந்தது.

அதற்குப் பிறகு ஆர்விட்டிடம் ஒரு புதுப் பழக்கம் சேர்ந்தது. காலையில் வெர்னா எழுந்திருக்கும் முன்பே எழுந்து காப்பி போட்டு அவள் கையில் கொடுத்துவிடுவார். பாதி குடிக்கும்போதே மேலும் ஊற்றுவார். மாலை வரைக்கும் அவள் கோப்பை காலியாகவே ஆகாது. வெர்னா அவரை ஒரு பார்வை பார்ப்பாள், குடிப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அப்படி ஒரு காலையில் போன் அடித்தது. கான்சாஸில் ஏதோ ஊரிலிருந்து லூயெல்லா என்ற பெண் பேசினாள். அவர்கள் ஊர் மருந்துக்கடையை ஒரு கம்பெனி வாங்கி மூடிவிட்டதாம். மாடாக்ஸ் அவர்களைப் பற்றிப் பேசினாராம். மாலரிதான் ஆர்விட்டின் எண்ணைக் கொடுத்தாளாம்.

"உங்களை டி.வி.யில பாத்திருக்கேன் ஐயா. உங்களுக்குக் கடை கிடைச்சுதே. நாங்க போகலாமா, வேண்டாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்யலாம்னு இருக்கோம். எங்க அம்மாவுக்கு இருதய மாத்திரை வாங்க ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டறேன்."

ஊர்க்காரர் ஒருவரும் போய் உட்காராவிட்டால் என்ன ஆகும் என்று ஆர்விட்டுக்கு நன்றாகத் தெரியும். வெறும் நாற்காலியை அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டும். காப்பியைத் தொடாதீர்கள் என்றாவது சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஊன்றுசட்டத்தின் சக்கரங்கள் கிரீச்சிட்டன. ஐனர் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தார். வருஷம் முடிய இன்னும் நாளிருந்தது. அது முடிந்ததும் நீட்டிக்க வேண்டும்.

"போங்கம்மா" என்றார். "ரொம்ப நல்லாக் கவனிச்சுப்பாங்க. அப்புறம் அந்தக் காப்பி..."

"காப்பியா?"

"காப்பி நல்லா இருக்கும்."

போனை வைத்தார். திரும்பினார். காப்பிக் கெட்டிலைத் தேடிக் கை நீண்டது.

வெர்னா அதற்குள் தன் கோப்பையோடு எழுந்துவிட்டாள். பாதிக் காப்பியைத் தொட்டியில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்து கோப்பையை உள்ளும் புறமும் தேய்த்து, நீர் சொட்டச் சொட்ட அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.